வடிவு மகள் காலேஜ் முடித்த கதை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே ஹூஸ்டனில் காலை 10 மணிக்கே கார் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன.

முதலில் அந்த வதந்திக்கு வருகிறேன். வடிவு மகள் 16 வயதிலேயே காலேஜ் முடித்துவிட்டாள் என்று எங்கள் அத்தை தெருவெல்லாம் சொல்லி, அது கடைசியில் உங்கள் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வந்துவிட்டதாமே! ஏட்டி, என் மகள் யாழினி முடித்திருப்பது 11ஆம் வகுப்பு. ஆனால் அத்தை சொன்னதில் கால்வாசி உண்மையும் இருக்கிறது. அதை எப்படி விளக்குவது என்றுதான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும், பாடம் முடிக்க முடிக்கச் சேருகிற புள்ளி அது. ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். அதில் கொஞ்சத்தைப் பள்ளியில் இருக்கும்போதே சேர்த்துவிடலாம். வழி இரண்டு. ஒன்று ஏ.பி., அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். பள்ளியில் அந்த வகுப்பைப் படித்துவிட்டு, மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் பரீட்சையை எழுத வேண்டும். மதிப்பெண் 1 முதல் 5 வரை; ஜூலையில் வரும். இன்னொன்று டூயல் கிரெடிட். பக்கத்து கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருஷப் படிப்பு நடத்தும் உள்ளூர்க் கல்லூரியில், நிஜமாகவே மாணவியாகச் சேர்ந்து ஒரு பாடம் படிப்பது. அது பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். யாழினி இரண்டையும் தொட்டாள். கால்குலஸ் ஏ.பி.யில், இங்கிலீஷ் காம்போசிஷன் காலேஜில்.

அந்த இங்கிலீஷ் வகுப்பைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து படிக்கிற டூயல் கிரெடிட்டும் உண்டு. இவளுக்கு நேரம் ஒத்துவரவில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை 6 மணி வகுப்புதான் கிடைத்தது. நான்தான் கொண்டுபோய் விடுவேன். முடியும்வரை காரிலேயே உட்கார்ந்து வெங்காயக் கணக்கிலிருந்து ஆபீஸ் மெயில் வரை பார்ப்பேன். முதல் நாள் வெளியே வந்தவள் சொன்னாள்: “அம்மா, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்பாவைவிட வயசு ஜாஸ்தி.” ஏ.சி. ரிப்பேர் கம்பெனி சட்டையோடு வேலையிலிருந்து நேராக வருகிறவர். இந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிப்டுக்குப் போகும் ஒரு பெண். அவள் பாதி வகுப்பில் தூங்கிவிடுவாளாம். யாழினிதான் நோட்ஸ் கொடுப்பாள். வகுப்பில் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்துத் திருத்தித் தர வேண்டும். ஏ.சி.காரர் தன் கட்டுரையில் ஜூலை மாதத்து மாடிப்பரணில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று எழுதியிருந்தார். கமா எல்லாம் தாறுமாறு. இவள் சிவப்பு மையில் திருத்த ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தில் பேனாவை மூடிவிட்டாள். யாழினி எழுதியது பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி. நம் பள்ளிப் பேச்சுப் போட்டிபோல இருந்தது, என்னத்தைச் சொல்ல.

அப்புறம் நவம்பரில் ஒரு கூத்து. கட்டுரையை ராத்திரி 11:59க்குள் கணினியில் ஏற்ற வேண்டும். இவள் ஏற்றியது 12:04. பூஜ்யம். முதல் நாள் கொடுத்த தாளிலேயே அப்படித்தான் போட்டிருந்ததாம். அதனால் ஏ கிரேடு வரவேண்டியது பி ஆனது. நான் சும்மா இருப்பேனா? பேராசிரியருக்கு போன் போட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் மகள் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் அவள் மார்க்கைப் பற்றி நான் பேச முடியாது, சட்டம் அப்படி என்றார். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் வயது 16 ஆனாலும் அந்தக் கல்லூரி மார்க்கின் மேலுள்ள உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடுகிறது. நினைத்துப் பார். நம் எச்.எம். அறைக்கு வெளியே என் அப்பா ரேங்க் கார்டோடு நின்றது ஞாபகம் இருக்கிறதா? நான் போனை வைத்தபோது யாழினி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை.

அந்த பி இனி அழியாது. அவள் எங்கே மேல்படிப்புக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கல்லூரி மார்க் பட்டியலையும் சேர்த்து அனுப்பவேண்டும். ஏ.பி.யில் இந்த வம்பு கிடையாது. மதிப்பெண் குறைந்தால் காட்டாமல் இருந்துவிடலாம். ஆனால் வருஷம் முழுக்கப் படித்ததை ஒரு காலைப்பொழுதில் எழுதிக் காட்ட வேண்டும், அதுவும் ஒரு பாடத்துக்கு 100 டாலரை ஒட்டிக் கட்டிவிட்டு.

கிரெடிட் கையில் இருந்தாலும் அதைச் செல்லுபடியாக்குவது சேரப்போகிற கல்லூரிதான். எங்கள் டெக்சாஸ் மாநிலத்து அரசுக் கல்லூரிகளுக்குள் பொதுப்பாடம் 42 கிரெடிட் வரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஏ.பி.யில் 3 வாங்கினாலும், அதற்கு மேல் ஏன் தேவை என்று காரணம் காட்டாதவரை அரசுக் கல்லூரி கிரெடிட் தரவேண்டும் என்று 2015இல் சட்டம் போட்டார்கள். தனியார் கல்லூரிகள் வேறு ஜாதி. கால்டெக் ஏ.பி.க்கு ஒரு கிரெடிட்கூடத் தராது. டார்ட்மத் முன்பு தந்துகொண்டிருந்தது, பிறகு நிறுத்திவிட்டது. இங்கே நம் ஊர்க்காரர்கள் வீட்டு விசேஷத்தில் யார் பிள்ளை எத்தனை ஏ.பி. என்று எண்ணிச் சொல்வார்கள், பவுன் கணக்குபோல. எந்தக் கடையில் மாறும் என்று யாரும் கேட்பதில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், மறைக்கவில்லை. யாழினி 6ஆம் வகுப்பிலிருந்து பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தாள், பெரிய வயலின் மாதிரி இருக்குமே, அது. போன வருஷம் விட்டுவிட்டாள். காரணம் கேள், நீ கணக்கு டீச்சர், உடனே பிடிபடும். அவள் பள்ளியில் ஏ.பி. பாடத்தில் ஏ வாங்கினால் 5, சாதாரணப் பாடத்தில் ஏ வாங்கினால் 4. ஆறு ஏ.பி., ஒரு ஆர்கெஸ்ட்ரா, எல்லாவற்றிலும் ஏ என்றால் மொத்தம் 34. ஏழால் வகுத்தால் 4.86. ஆர்கெஸ்ட்ரா இல்லாவிட்டால் 5. அதாவது எவ்வளவு நன்றாக வாசித்தாலும் செல்லோ அவளைக் கீழே இழுக்கும். பள்ளி ரேங்க் இந்தச் சராசரியை வைத்துத்தான். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் பள்ளி ரேங்கில் முதல் 6 சதவீதத்துக்குத் தானாக இடம் தந்துகொண்டிருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆக்கிவிட்டார்கள். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு அவளிடம் காட்டியது நான். செல்லோ இப்போது துணி மடிக்கிற அறையில் நிற்கிறது. அதன்மேல் என் வீட்டுக்காரர் சட்டையைப் போடும்போதெல்லாம் கத்துகிறேன்.

சரி, கால்குலஸுக்கு வருகிறேன், உனக்குப் பிடித்த சரக்கு. பரீட்சை முடிந்த சில நாளில் விரிவான விடைக் கேள்விகளை வெளியிட்டுவிடுகிறார்கள். ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி. பழைய வருஷக் கேள்வி ஒன்றை எடுத்து நானும் உட்கார்ந்தேன், பி.எஸ்சி. மேத்ஸ் கோல்ட் மெடல் இல்லாவிட்டாலும் பி.எஸ்சி. மேத்ஸ்தானே. ஒரு வேகம் எப்படி மாறுகிறது என்று அட்டவணை கொடுத்து, தொகையீட்டைத் தோராயமாகக் கண்டுபிடிக்கச் சொல்லி, விடைக்கு என்ன பொருள் என்று அலகோடு ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்கிறார்கள். பரப்பைச் சரிவகங்களாக வெட்டிக் கூட்டும் ட்ரெபிசாய்டல் ரூல் போட்டு எண்ணைச் சரியாகக் கொண்டுவந்து அடியில் இரட்டைக்கோடும் போட்டுவிட்டேன். யாழினி திருத்தினாள். பொருள் எழுதவில்லை, அலகு இல்லை, தேற்றம் பொருந்துவதற்கான நிபந்தனையைச் சொல்லவில்லை. 9க்கு 5. “அம்மா, இரட்டைக்கோட்டுக்கு மார்க் கிடையாது” என்றாள்.

ஆனால் பாடம் என்று பார்த்தால் அதில் பெரும்பகுதி நீ பாளையங்கோட்டையில் தினமும் +1, +2வுக்கு நடத்துகிறதுதான். லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டெக்ரேஷன். இங்கே அதற்குக் காலேஜ் கிரெடிட். உன் பிள்ளைகள் சென்டம் வாங்கிவிட்டு இன்ஜினியரிங் போய் முதல் செமஸ்டரில் அண்ணா பல்கலைக்கழகத்துக் கணக்குத் தாளில் அதில் பாதியை மறுபடி எழுதுகிறார்கள். ஏ.பி. பிறந்த கதையே இதுதானாம். 1950களின் தொடக்கத்தில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனும் மூன்று தனியார் பள்ளிகளும் சேர்ந்து, பள்ளியில் படித்ததையே பிள்ளைகள் காலேஜில் ஏன் திரும்பப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்ததில் முளைத்தது. உங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. நீ கேட்டிருப்பாய், உன்னை யார் கேட்டார்கள்.

அங்கே +1 பொதுத்தேர்வை ரத்து செய்துவிட்டதால், +1 புத்தகத்தைப் பிரிக்காமலே இரண்டு வருஷம் +2 நடத்துகிற பழைய வியாதி திரும்பிவிடும் என்று கோபப்பட்டிருந்தாய். நியாயம்தான். முன்கூட்டியே படிப்பது என்றால் நம் ஊரில் அதுதான் அர்த்தம் ஆகிவிட்டது. இங்கேயும் அந்த வாடை அடிக்கிறது கோமதி, பெயர்தான் வேறு.

வரும் வருஷம் யாழினி ஏ.பி. கால்குலஸில் இன்னும் கூடுதல் பாடமுள்ள பி.சி. எடுக்கிறாள், அதில் சீரீஸ், அதாவது முடிவிலாத் தொடர், வருகிறது. இங்கிருக்கிற வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு, “கோமதி ஆன்ட்டி உனக்கு ஒரே ஒரு ராத்திரியில் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்வாயே, அது எப்படி?” என்று கேட்கிறாள். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய நாள் உங்கள் வீட்டு மொட்டை மாடியில், கரண்ட் இல்லாமல், கரித்துண்டால் தரையில் எழுதிக் காட்டினாயே, அதைத்தான். சனிக்கிழமை உன் காலை 7 மணிக்குக் கூப்பிடுகிறேன். இங்கே வெள்ளி ராத்திரி எட்டரை. காபி குடித்துவிட்டு உட்கார். கரித்துண்டு இருந்தால் எடுத்து வை.

அத்தையிடம் எதையும் திருத்திச் சொல்லாதே, பாவம்.

உன்
வடிவு