பட்டியலில் உனக்கு மேலே இருப்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டியாகிவிட்டது. அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்ததா என்று நீ சொல்லவே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நேரடித் தேர்வில் வந்தவர்களுக்கும் பதவி உயர்வில் வந்தவர்களுக்கும் இடையே யார் சீனியர் என்ற வழக்கில் நீயும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று இப்போது கேட்காதே. போட்டது சரிதான். உன் பக்கம் நியாயம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், அப்பா பதவி உயர்வில் வந்த புரொமோட்டி, அந்தப் பக்கம்தான் பேசுவார் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

நான் புரிந்துகொண்டது சரியா பார். நீ எழுதியது 2017 சிஜிஎல், மத்திய அரசு வேலைக்கான பட்டதாரித் தேர்வு. வினாத்தாள் வெளியானதாகப் புகார் வந்து, உச்ச நீதிமன்றம் 2018-இல் முடிவை நிறுத்தி வைத்தது. இறுதி முடிவு வந்தது 2019 நவம்பரில். அதே மாதம் 19-ஆம் தேதி மேகச்சந்திர சிங் வழக்கின் தீர்ப்பு. பணியில் சேராத ஒருவருக்கு, சேர்வதற்கு முந்தைய தேதியிலிருந்து சீனியாரிட்டி தர முடியாது என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். நம் தமிழ்நாட்டு நீதிபதி பானுமதியும் அந்த அமர்வில் இருந்தார். இதே விஷயத்தில் 2012-இல் வந்த பர்மார் தீர்ப்பை அவர்கள் தள்ளாமல் இருந்திருந்தால், உன் காலியிடம் எந்த ஆண்டுக்கு உரியதோ, ஆள் கேட்டு எந்த ஆண்டு எழுதினார்களோ, அந்த ஆண்டோடு உன் பெயர் சேர்ந்திருக்கும். பழைய கணக்கில் ஏற்கெனவே முடிந்த பட்டியல்களைத் தொட வேண்டாம் என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் மத்திய பணியாளர் துறையின் 2021 ஆகஸ்ட் 13 குறிப்பாணை வந்தது. தேர்வு வேலை முன்பே தொடங்கியிருந்தாலும், அதில் எல்லா நியமனமும் 2019 நவம்பர் 19 அன்றோ அதற்குப் பிறகோதான் நடந்தது என்றால் புதுக் கணக்குதான் என்றது. ஆக, 2016 தேர்வு எழுதி நேரத்தில் சேர்ந்துவிட்டவனுக்கு ஒரு கணக்கு, உனக்கு ஒரு கணக்கு.

முடிவு நின்றுபோனது உன் குற்றமில்லை. மாடி அறையில் நீ உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. கல்யாணத்துக்குப் போனால் "இன்னும் வேலை வரவில்லையா" என்பார்கள் என்று எங்குமே வரமாட்டேன் என்றாய். உத்தரவு வந்தபோது தெருவெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு போனேன். நான் கிளார்க்காக நுழைந்த துறையில் என் மகன் நேரடி இன்ஸ்பெக்டர். எனக்கு அதைவிடப் பெரிய பதவி உயர்வு எதுவும் வரவில்லை.

ஆனால் பொங்கலுக்கு வந்தபோது, திண்ணையில் நின்று நண்பனிடம் போனில் பேசினாயே, "எல்லாம் பின்வாசல் வழியா வந்தவங்கடா" என்று. நான் உள்ளே ஈஸிசேரில்தான் இருந்தேன். நீ என்னைச் சொல்லவில்லை என்று தெரியும். அம்மாவிடமும் சொல்லவில்லை. ஆனாலும் இத்தனை நாளாக மனதில் கிடக்கிறது. எந்தப் பின்வாசல், தம்பி? நியமன விதியில் பதவி உயர்வுக்கு இவ்வளவு, நேரடித் தேர்வுக்கு இவ்வளவு என்று இரண்டு ஒதுக்கீடும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. 1984-இல் எல்டிசியாக, கீழ்நிலை கிளார்க்காகச் சேர்ந்தவன், துறைத் தேர்வு எழுதி, பதவி உயர்வுக்கு ஆள் எடுக்கும் குழுவான டிபிசி எப்போது கூடும் என்று காத்திருந்து, நாற்பத்தெட்டு வயதில் இன்ஸ்பெக்டர் ஆனேன். பர்மார் தீர்ப்புக்குப் பிறகு வந்த திருத்திய பட்டியலைப் பார்த்தபோது, நான் இன்ஸ்பெக்டராகக் கோப்பு எழுதிக்கொண்டிருந்த நாளில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எனக்கு மேலே இருந்தார்கள். அடுத்த டிபிசியில் என் பெயர் பரிசீலனை எல்லைக்குள்ளேயே வரவில்லை. அந்தப் பதவியிலேயே ஓய்வு பெற்றேன். அந்தப் பிள்ளைகளிலும் கெட்டவன் எவனும் இல்லை. அவர்களுக்கு விதி அப்படிச் சொன்னது, வாங்கிக்கொண்டார்கள்.

அந்த மேகச்சந்திர சிங் வழக்கை முழுதாகப் படித்துப் பார். மணிப்பூர் போலீஸ். பதவி உயர்வில் வந்தவர்கள் 2007 மார்ச்சில் வந்தார்கள், நேரடியாக வந்தவர்கள் அதே ஆண்டு ஆகஸ்டிலும் நவம்பரிலும். சில மாத வித்தியாசம். அது தீர 2019 ஆனது. அதற்குள் எத்தனை ராத்திரி ரோந்து ஒன்றாகப் போயிருப்பார்கள், எத்தனை பேர் முகம் கொடுக்காமல் போயிருப்பார்கள்! நான் படிக்கும்போது சட்டத்தைவிட அதைத்தான் யோசித்தேன். உன் வழக்கும் சீக்கிரம் முடியாது. மேகச்சந்திர சிங் தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், அப்புறம் டெல்லி என்று போகும். அதுவரை நீ யாரோடும் பேசாமல் இருக்கப்போகிறாயா?

யார் சொன்னது என்று கேட்பாய். சரி, சொல்லிவிடுகிறேன். உன் பக்கத்து மேசைக்காரர்தான் போன் செய்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். வழக்கைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "உங்கள் பையன் வீட்டுக்கு வருவதே இல்லை, மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான், சில நாள் சாப்பிடுவதும் இல்லை, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் என்ன பதில் சொல்வது? உனக்கு டெங்கு வந்தபோது, நாங்கள் ரயில் பிடித்து நாக்பூர் வந்து சேரும்வரை உன்னை வைத்துப் பார்த்த வீடு அது. அந்த வீட்டு அம்மாவைக் காகூ, காகூ என்று மராத்தியில் சித்தி முறை வைத்து நீதான் கூப்பிட்டாய். பதவி உயர்வில் வந்த அந்த மேசைக்காரர் பெயர் எதிர்மனுதாரர் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறாயா, கோபப்படுகிறாயா, எனக்குத் தெரியவில்லை. மேலே இருப்பவர்களைச் சேர்க்காமல் போட்டால் மனு நிற்காது. அது அவருக்கும் தெரியும், இத்தனை வருஷம் துறையில் இருந்தவர். அவருக்கு ஓய்வுக்கு முன்னால் ஒரே ஒரு பதவி உயர்வு மிச்சம் இருக்கிறது. உனக்கு இன்னும் முப்பது வருஷம் சர்வீஸ். அதற்காக உன் உரிமையை விட்டுக்கொடு என்று நான் சொல்லவில்லை. வழக்கை நடத்து. அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே நடத்து.

வரைவுப் பட்டியலுக்கு ஆட்சேபணை எழுத்தில் கொடுத்தாயா? ஒப்புகை வாங்கி வைத்தாயா? கொடுத்த தேதி இல்லாவிட்டால், தாமதம் என்று சொல்லியே தள்ளிவிடுவார்கள். வழக்குக்குப் பணம் கொடுத்தது போக கையில் என்ன இருக்கிறது என்று எழுது. குறைந்தால் கேள், வெட்கப்படாதே. ராத்திரி கண் விழித்து அந்த வாட்ஸ்அப் குழுவைப் படித்துக்கொண்டிருக்காதே. சாப்பிடு.

பெண் வீட்டார் விஷயத்தை அம்மா தனியாகப் பேசுவாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

2021 குறிப்பாணையின் நகலும், என் காலத்து 1986 குறிப்பாணைகளும் பீரோவில் இருக்கின்றன. உன் வக்கீலுக்கு உதவும் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து மேசைக்காரர் வீட்டுக்குப் போய்வா. நான் சொல்லித்தான் வந்தாய் என்று காட்டிக்கொள்ளாதே. போய்விட்டு வந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் செய்.

அன்புடன்,
அப்பா