கிராம சேவை மையத்தை மாலை வேளையில் திறந்து தரக் கோரி மனு

அனுப்புநர்:
கண்மாய்ப் பாசன விவசாயிகள் மற்றும் மகளிர் சுய உதவிக் குழுவினர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: பூட்டிக் கிடக்கும் கிராம சேவை மையக் கட்டடத்தில் ஊர் மக்கள் கூடிக் கற்க அனுமதியும், கண்மாய் எல்லை வரைபடமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரியாறு பிரதானக் கால்வாயில், கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கர் ஒருபோக ஆயக்கட்டில் (ஆண்டுக்கு ஒரு போகம் விளையும் பாசனப் பரப்பில்) எங்கள் ஊர் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்து வெகுநாள் கழித்தே எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் எட்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து போனதால் சில வருடம் எட்டவே இல்லை.

மராமத்து வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓர் ஆள் என்று நாங்களே இறங்கினோம். முதலில் மண்வெட்டி எடுத்தவர்கள் மகளிர் குழுவினர். இதைச் சொல்லியே ஆக வேண்டும். மடைக்கு முன்னால் மண்டியிருந்த சீமைக்கருவேலைத் தூரோடு பறித்தோம். வட்டாட்சியர் அனுமதியோடு அள்ளிய கரம்பை (கண்மாய் வண்டல் மண்) வயலுக்குப் போனது.

வேலையோடு வேலையாக, ஊருக்குள்ளேயே இருந்த பெரிய படிப்பு ஒன்று எங்களுக்குத் தெரியவந்தது. எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது, கலுங்கு (கண்மாய் நிறைந்ததும் உபரிநீர் வழியும் இடம்) பாயும்போது கரையில் எந்த இடத்தைக் கவனிப்பது என்பதெல்லாம் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் எங்கள் நீர்பாய்ச்சி ஐயாவுக்கு மனப்பாடம். கசிவு தெளிவாக வந்தால் பொறுக்கலாம், கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது, உடனே ஆள் கூட்ட வேண்டும் என்பார். அவருக்குப் பிறகு இதையெல்லாம் அறிந்தவர் ஊரில் இல்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இப்போது அவர் சொல்வதை எழுதி வைக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்க வருகிறார்கள். மேல்மடை ஊரிலிருந்து வந்தவர்கள், 14 நாள் இளநாற்றை 25 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்றாக நடுவதை எங்களுக்குக் காட்டித் தந்தார்கள். தண்ணீர் முறைக்காக முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு ஊரும் இன்று சேர்ந்து உட்காருகிறது.

உட்காரத்தான் இடமில்லை. கலுங்குக் கட்டையில் கூடினால் இருட்டியதும் எழ வேண்டியிருக்கிறது. பூச்சி பொட்டு பயத்தில் பெண்கள் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். ஊர் நடுவே கிராம சேவை மையம் மின் இணைப்போடு பூட்டியே கிடக்கிறது. 2025 ஜனவரியில் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபின், சாவி கேட்டால் மேலிட உத்தரவு வேண்டும் என்கிறார்கள்.

ஆகவே, அக்கட்டடத்தை மாலை 6 மணி முதல் 8.30 வரை மகளிர் குழுவின் பொறுப்பில் திறந்துவைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மின்கட்டணத்தையும் துப்புரவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். கண்மாய், வரத்துக்கால் ஆகியவற்றின் புல வரைபட நகலைத் தந்து, நில அளவையரை அனுப்பி எல்லையைக் காட்டித் தரவும் வேண்டுகிறோம். எல்லை தெரியாமல் தூர்வாரினால் நல்ல காரியமும் தகராறில் முடியும். நீர்வளத் துறைப் பொறியாளரும் வேளாண்மை அலுவலரும் மாதம் ஒரு மாலை எங்களோடு வந்து அமர வேண்டும். அவர்களிடம் நாங்கள் கற்க நிறைய இருக்கிறது. நீர்பாய்ச்சி ஐயாவிடம் அவர்கள் கேட்டறியவும் விஷயம் உண்டு.

அடுத்த தண்ணீர் திறப்புக்கு முன்பே உத்தரவு கிடைத்தால், மடை பழுதுபார்ப்பதைப் பிள்ளைகள் ஐயாவின் பக்கத்தில் நின்று பழகிக்கொள்வார்கள். அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மான நகலும் ஊர் மக்களின் கையெழுத்துகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்