ஞானாம்பாளுக்கும் கமலாம்பாளுக்கும் ஒரே பதில் எழுத வைக்காதீர்கள்: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் இளங்கலை, முதுகலைத் தமிழுக்குப் பாடம் வகுக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் நாவல் தாள் கற்பிக்கிறவள். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது, 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் வரும் பெண்களை மாணவர்கள் நாவலுக்குள் போய்ப் படிக்கும்படி வழி செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். முதல் தமிழ் நாவல் எது என்பதற்கு இரண்டு மதிப்பெண். அந்த நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் நாயகி ஞானாம்பாளின் பாத்திரப்படைப்புக்குப் பத்து மதிப்பெண். கைடில் அறிவு, கற்பு, துணிவு, பொறுமை என்று நாலு உட்தலைப்பு போட்டு விடை இருக்கும். ‘கமலாம்பாள் சரித்திர’த்துக் கமலாம்பாளுக்கும் அதே நாலு, ‘பத்மாவதி சரித்திர’த்துப் பத்மாவதிக்கும் அதே நாலு. பெயரை மட்டும் மாற்றி எழுதி மாணவர்கள் பாஸாகிவிடுகிறார்கள். நாவலைக் கையில் எடுக்கவே வேண்டியதில்லை.

எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறது! 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கதையைச் சொல்கிறவன் பிரதாபன். செல்லம் கொடுத்து வளர்த்த பணக்கார வீட்டுப் பிள்ளை. அவன் படிக்காததற்கு வாத்தியார் மகன் கனகசபை அடி வாங்குகிறான். கூடவே படிக்கும் ஞானாம்பாள் தன்னைவிடக் கெட்டிக்காரி என்பதை அவனே ஒப்புக்கொண்டு சொல்கிறான். பிறகு கணவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்பட்டவளுக்கு விக்கிரமபுரியில் பட்டத்து யானை மாலை போட, அவள் அரசனாகிறாள். செருப்புத் தைத்தவனோடு வந்த ஒரு சில்லறை வழக்கில் சிறையில் கிடக்கும் கணவனை மீட்பவளும் அவள்தான். இந்த நாவலை எழுதிய, மாயூரத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த வேதநாயகம் பிள்ளை, பெண் கல்விக்காகவே ‘பெண்மதி மாலை’ எழுதியவர். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் நாவலில் அந்த இடத்தில் ஒரு பெண்ணை உட்கார்த்தி வைத்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஆணுடை இல்லாமல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. தான் பெண் என்று தெரிவித்த பிறகு அவள் பட்டத்திலும் இருப்பதில்லை. ஆட்சியை ஆனந்தவல்லி என்ற இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்துக்குத் திரும்புகிறாள். ஆனந்தவல்லியோ பெண்ணாகவே அரியணை ஏறுகிறாள்! வேதநாயகம் பிள்ளை ஓர் அடி முன்னால் வைக்கிறாரா, பின்னால் வைக்கிறாரா? ஒரு வகுப்பு முழுக்கச் சண்டை போட்டுப் பேச வேண்டிய இடம் இது. கைடோ ‘துணிவு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது.

‘கமலாம்பாள் சரித்திர’த்துக்கு நாம் செய்யும் அநியாயம் இன்னும் பெரிது. 1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் அது தொடராக ஆரம்பித்தபோது, எழுதிய ராஜம் ஐயருக்கு இருபத்தொரு வயதுதான். கதை நடக்கும் சிறுகுளம் கிராமத்துப் பெண்கள் கூடி வம்பளப்பதற்கு ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் வைத்து அவர் எழுதியிருக்கும் பகுதிகளில் பெண்களின் பேச்சு அப்படியே காதில் விழும். அதை அனுபவித்துப் படிக்கிற அதே வேளையில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஊர் வம்புக்கு ஏன் பெண்களை மட்டும் பொறுப்பாளியாக்குகிறார்? கமலாம்பாள் மேல் அபவாதம் வந்ததும் வீட்டைவிட்டுப் போவது அவள் கணவர் முத்துஸ்வாமி ஐயர். அந்தப் பிரிவு அவரை ஆன்மிகத் தேடலுக்குக் கொண்டுபோகிறது, நாவலும் மரியாதையோடு அவர் பின்னாலேயே போகிறது. பழியைச் சுமந்துகொண்டு இருக்கிறவளுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு வழி திறக்கவில்லை. எனக்கு ராஜம் ஐயர்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. மதிப்பு இருப்பதால்தான் இதைக் கேட்காமல் விடக்கூடாது என்கிறேன்.

மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ (1898, 1899) படித்த தலைமுறையின் கதை. அங்கும் என்ன ஆகிறது? ஆங்கிலம் படித்த நாராயணனும் மனைவி பத்மாவதியைச் சந்தேகிக்கிறான். படிப்பு அந்தச் சந்தேகத்தைத் துடைத்துவிடவில்லை என்று எழுத அன்றைக்கு நெஞ்சுரம் வேண்டும்.

இந்த நாவல்கள் வந்த காலத்தையும் பாடத்தில் சேருங்கள். 1891இல்தான் உடலுறவுக்கான பெண்ணின் சம்மத வயதை 10இலிருந்து 12 ஆக்கிச் சட்டம் வந்தது. நாடெங்கும் அதற்கு எதிராகக் கூட்டம் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துத் தொடங்கிய ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் கமலாம்பாளின் மகளான சிறுமி லக்ஷ்மியின் கல்யாணம் கோலாகலமாக நடக்கிறது. இது தெரியாமல் அந்தக் கல்யாணத்தைப் படிக்கும் மாணவருக்கு அது வெறும் வேடிக்கையாகத்தான் தெரியும்.

அப்புறம் கிருபாபாய் சத்தியநாதன். அகமதுநகரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்து, உடல்நலம் கெட்டுப் படிப்பை விட்டு, 32 வயதில் 1894இல் இறந்துபோனவர். ஆங்கிலத்தில் எழுதினார் என்பதால் அவரை ஆங்கிலத் துறைக்கு ஒதுக்கிவிட்டோம். அவருடைய ‘கமலா’ மாமியார் வீட்டுக்குப் போகும் ஒரு சிறுமியின் கதை. கடைசியில் விதவையாகும் அவளை மணக்க ஒருவர் முன்வந்தும் மறுத்து, தன் வாழ்க்கையைப் பிறருக்கு உதவுவதில் செலவிடுகிறாள். அந்த மறுப்பை நான் முழு மனதோடு ஏற்கவில்லை. ஆனாலும் ஆண்கள் எழுதிய மூன்று நாவல்களின் பக்கத்தில் அதே காலத்தில் சென்னையில் வாழ்ந்த ஒரு பெண் எழுதியதை வைத்துப் படித்தால்தான், ஒரு மருமகளின் பகல் பொழுது எப்படிக் கழிகிறது என்பதை யார் கவனித்தார்கள், யார் கவனிக்கவில்லை என்று மாணவர்களுக்குப் புரியும். மொழிபெயர்ப்பிலாவது அவரைத் தமிழ்த் தாளில் சேருங்கள்.

நேரமில்லை, நாவல்கள் பெரியவை என்பீர்கள். சரி, முழுவதையும் வைக்க வேண்டாம். விக்கிரமபுரி அத்தியாயங்களையும் வம்பர் மகாசபையையும் வகுப்பில் வாசிக்கும் பகுதிகளாக வையுங்கள். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, ‘கமலாம்பாள் சரித்திரம்’ இரண்டும், தமிழ் நூல்களை இணையத்தில் வைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவருக்கு ஒரு பைசா செலவில்லை. வினாத்தாளில் பாத்திரப்படைப்பை விளக்கச் சொல்வதை விட்டுவிட்டு, ஒரு பத்தியைக் கொடுத்து அதில் பேசுவது யார், பேசாமல் இருப்பது யார் என்று கேளுங்கள். முத்துஸ்வாமி ஐயர் வீட்டைவிட்டுப் போகுமுன் கமலாம்பாளிடம் விசாரித்தாரா என்று கேளுங்கள். நாவலைத் திறக்காமல் இதற்கு விடை எழுத முடியாது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை