பொதுச் சைக்கிளுக்கு முதல் தேவை வெறுமையான கொக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளைப் பார்க்கப் பாரிஸ் போய்வருகிறவர்கள் அங்கே தெருவோரம் வரிசையாய் நிற்கும் பொதுச் சைக்கிள்களைப் பற்றி வியந்து பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் இப்படி விட்டால் என்ன என்ற கேள்வியும் கூடவே வருகிறது. விடலாம். ஆனால் அது எதனால் ஓடுகிறது, எங்கே இடறுகிறது என்று தெரிந்த பிறகு விடுவதுதான் நல்லது.

பாரிஸில் ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விடும் 'வெலிப்' என்ற பொதுச் சைக்கிள் சேவை 2007 யூலை 15 அன்று தொடங்கியது. இன்று 1,400இற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. பச்சைச் சைக்கிள் காலால் மிதிப்பது. நீலச் சைக்கிளுக்கு மோட்டார் துணை உண்டு. செயலியிலோ நிலையத்துப் பொறியிலோ வங்கி அட்டை கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். ஓரிரு நாள் அனுமதிக்கு அட்டையில் 300 யூரோவைப் பிணையாக மறித்து வைப்பார்கள். காசை எடுப்பதில்லை, ஆனால் அவ்வளவு இருப்பு அட்டையில் இருக்கவேண்டும். ஊரிலிருந்து போகிறவர்கள் பலர் தடுமாறக்கூடிய இடம் இது.

எடுக்கும் முன் சைக்கிளைப் பாருங்கள். சீற் பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் தொடவேண்டாம். முன்பு எடுத்தவர் பழுதைக் கண்டு அடுத்தவருக்கு விட்டுப்போன அடையாளம் அது. எந்தச் சட்டமும் சொல்லாமல் பாரிஸ் மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட வழக்கம். அந்த ஊரில் நான் மிகவும் மதிக்கும் விடயங்களில் ஒன்று. பிறகு ரயரைப் பெருவிரலால் அமத்தி, பெடலைப் பின்னுக்குச் சுற்றி, இரு பிறேக்கையும் பிடித்துப் பாருங்கள். எங்கள் பழைய ராலி, ஹம்பர் சைக்கிள்களில் வலக்கைதான் முன் பிறேக். பிரான்ஸில் பொதுவாக இடக்கைதான் முன் பிறேக். பழக்கத்தில் இடக்கையை இறுக்கினால் முன்சில்லு மறிபடும், ஆள் ஹான்டிலுக்கு மேலால் போவார். நின்ற இடத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டே ஏறவேண்டும்.

வீதியில் வலப்பக்கம் ஓடவேண்டும் என்பது தெரிந்ததே. காதில் இயர்போன் செருகி ஓடினாலோ கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தாலோ 135 யூரோ தண்டம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். சில சிவப்பு விளக்குகளின் கீழ் சைக்கிள் படமும் அம்புக்குறியும் போட்ட சிறிய முக்கோணப் பலகை இருக்கும். நடப்பவர்களுக்கும் குறுக்கே வரும் வாகனத்துக்கும் வழிவிட்டு, அம்பு காட்டும் திசையில் சைக்கிள் போகலாம். பலகை இல்லாத இடத்தில் சிவப்பு எல்லோருக்கும் சிவப்புத்தான்.

திருப்பி விடும்போதுதான் கூடுதலான பிழை நடக்கிறது. நிலையத்தில் சைக்கிளைப் பூட்டி நிறுத்தும் கொக்கிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகக்கூடாது. ஹான்டிலில் உள்ள பெட்டி ஒலி எழுப்பி ஒப்புக்கொள்ளும்வரை நிற்கவேண்டும். பூட்டு சரியாக விழாவிட்டால் பயணம் முடியாத கணக்காக ஓடிக்கொண்டிருக்கும், பிணைக்கும் ஆபத்து வரும்.

கொக்கி எல்லாம் நிரம்பியிருந்தால்? இந்தக் கேள்வியில்தான் முழு ஏற்பாடும் தங்கியிருக்கிறது. காலையில் குடியிருப்புப் பகுதிச் சைக்கிள் எல்லாம் அலுவலகப் பகுதிக்குப் போய்விடும்; மாலையில் மறுவளம். மொன்மார்த்தர் மேட்டிலிருந்து இறங்க எல்லோரும் சைக்கிள் எடுக்கிறார்கள், திரும்பி ஏற எவரும் விரும்புவதில்லை. ஆகவே மேட்டு நிலையம் வெறுமையாகிறது, பள்ளத்து நிலையம் நிரம்புகிறது. லொறியில் ஏற்றி இறக்கிச் சமப்படுத்த ஆட்கள் நாள்தோறும் வேலை செய்கிறார்கள். இந்த வேலை நின்றால் சைக்கிள் ஆயிரக்கணக்கில் இருந்தும் பயனில்லை. 2018இல் பாரிஸில் நடத்துநர் மாறியபோது பல நிலையங்களுக்கு மின் இணைப்பே வந்துசேரவில்லை. சைக்கிள் நின்றது, எடுக்க முடியவில்லை.

பூட்டும் நிலையமும் இல்லாமல் விட்டவர்களின் கதியும் தெரிந்ததே. அம்ஸ்ரர்டாமில் 1965இல் இளைஞர்கள் வெள்ளை பூசி விட்ட சைக்கிள்களை, பூட்டாமல் நிற்கின்றன என்று பொலிஸாரே எடுத்துப்போனார்கள். கொப்பன்ஹேகன் 1995இல் 20 குரோனர் குற்றி போட்டு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. எடுத்தவர் யார் என்று அந்தக் குற்றி சொல்லாது. அதைச் சொன்னது 1998இல் பிரான்ஸின் ரென் நகரம் கொண்டுவந்த அட்டைதான்.

இனி எங்கள் ஊர். நிலம் தட்டை, மேட்டுத் தொல்லை இல்லை. வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பொதுச் சைக்கிள் தேவையுமில்லை. தேவை, பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறவருக்கு. பஸ் நிலையம், புகையிரத நிலையம், போதனா வைத்தியசாலை, நூலகம், நல்லூர், திருநெல்வேலிப் பல்கலைக்கழக வாசல் என்று தொடங்கலாம். ஒரு சைக்கிளுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கொக்கி என்பது இத்துறையில் உள்ள அளவு. நூறு சைக்கிள் வாங்கினால் குறைந்தது இருநூறு கொக்கி. சைக்கிளுக்குக் காசு ஒதுக்கிவிட்டுக் கொக்கியில் சிக்கனம் பிடித்தால், காலை எட்டு மணிக்கு வைத்தியசாலை வாசலில் சைக்கிளை விட இடமின்றி நோயாளியைப் பார்க்க வந்தவர் அந்தரப்படுவார்.

திருத்த வேலைக்கு நாம் வெளியே தேடத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத குடாநாட்டை இழுத்துச் சென்றது சைக்கிள். விறகும் நோயாளியும் அதில்தான் போனார்கள். ஒட்டுப் போடவும், கம்பி இழுத்து றிம்மின் வளைவெடுக்கவும், போல்ஸ் மாற்றிக் கிறீஸ் போடவும் தெரிந்த கைகள் எங்கள் சந்திகளில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையத்தையும் அருகிலுள்ள சைக்கிள் கடையிடம் மாதக் கூலிக்கு ஒப்படைக்கவேண்டும். பண்ணைப் பக்கத்து உப்புக்காற்றுக்கு மூடிய செயின் பெட்டியும் துருப்பிடிக்காத கம்பியும் வேண்டும். மழைகாலத்தில் செயினுக்கு அடிக்கடி எண்ணெய் விடவேண்டும்.

மாநகர சபை கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன், இந்த ஆறு இடங்களிலும் ஒரு வாரம் ஆட்களை நிறுத்தி, எத்தனை மணிக்கு எத்தனை பேர் இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்ணிக்கையைத் தங்கள் பத்திரிகை வெளியிட்டால், கொக்கி எங்கே எத்தனை என்பதை வாசகர்களே சொல்லிவிடுவார்கள்.

இங்ஙனம்,
சைக்கிளோட்டி வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.