ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினருக்கு: உங்கள் பெட்டி எங்கே?

மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், ரோனி வுட் ஆகியோருக்கு,

பீட்டில்ஸா, ஸ்டோன்ஸா, எந்த ராக் குழு உயர்வு என்ற பழைய வழக்கில் நான் என்றும் உங்கள் கட்சி. ஆனால் டிவிடி அலமாரியைத் திறந்தால் என் வாய் அடைத்துப்போகிறது. 1996இல் எட்டு வீடியோ கேசட்டுகளாக வந்த 'பீட்டில்ஸ் ஆந்தாலஜி' என்ற ஆவணத் தொடர், 2003இல் ஐந்து டிவிடிகளாகி ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டது. உங்கள் கதை மட்டும் பல இயக்குநர்களின் படங்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது.

பீட்டில்ஸின் நெடுநாள் உதவியாளரான நீல் ஆஸ்பினால் என்ற ஒரு மனிதர் 1970 முதலே அவர்களுக்காகப் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். பின்னணிக் குரல் வைத்துக் கதை சொல்ல அவர்கள் யாரையும் அழைக்கவில்லை. பால், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் தாங்களே பேசினார்கள். மறைந்த ஜான் லெனன் பழைய பேட்டிகளிலிருந்து பேசினார். குடும்ப ஆல்பத்துக்கே உரிய குறையும் அதில் உண்டு. லெனனின் மனைவி யோகோவைப் பேசவிடவில்லை, சண்டைகளை இஸ்திரி போட்டு மடித்துவைத்துவிட்டார்கள்.

தனிப்படம் என்று வந்தால் வெற்றி உங்களுக்கே. 1969 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆல்டமான்டில் நீங்கள் பாடிக்கொண்டிருந்தபோது, மேடைக்கு எதிரே மெரிடித் ஹன்டர் என்ற ரசிகர் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் காட்சியைப் படத்தொகுப்பு மேசையில் மிக் பார்ப்பதையும் 'கிம்மி ஷெல்டர்' ஆவணப்படம் படம்பிடித்து வைத்திருக்கிறது. ஆந்தாலஜியின் பத்து மணி நேரத்தில் அதற்கு ஈடாக ஒரு நிமிடம்கூட இல்லை. இத்தனைக்கும் அதை எடுத்த மேசில்ஸ் சகோதரர்கள்தாம் 1964இல் பீட்டில்ஸின் முதல் அமெரிக்கப் பயணத்தையும் எடுத்தவர்கள்.

பூட்டிவைப்பதில் இரு தரப்பும் சளைத்ததில்லை. 1968 டிசம்பரில் உங்கள் 'ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்' நிகழ்ச்சியை எடுத்த மைக்கேல் லின்ட்சே-ஹாக், அடுத்த மாதமே பீட்டில்ஸின் 'லெட் இட் பி' படப்பிடிப்பில் இருந்தார். சர்க்கஸ் 1996 வரை வெளிவரவில்லை. அன்று அதே மேடையில் 'தி ஹூ' குழு உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதுதான் காரணம் என்று ஊரே பேசுகிறது. அதனால் என்ன, ஒரு நாள் தோற்றால் குறைந்தா போவீர்கள்? பல்லாண்டுகள் கிடைக்காமல் இருந்த 'லெட் இட் பி' 2024இல் திரும்பி வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2021இல், அந்தச் சுருள்களிலிருந்து ஏறத்தாழ எட்டு மணி நேரத் தொடரும் வந்தது.

2022இல் உங்களைப் பற்றியும் ஒரு தொடர் வந்ததை மறக்கவில்லை. அதிலும் ஆளுக்கொரு பகுதி! பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டதைப் போல இருந்தது.

என் வேண்டுகோள் இதுதான். ஒரே அறையில் உட்கார்ந்து பேசுங்கள். நாட்குறிப்பும் படச்சுருளும் சேர்த்துவைத்த பில் வைமனையும், மிக் டெய்லரையும், உங்கள் பழைய கூட்டாளிகள் இருவரையும் அழையுங்கள். உங்களில் மறைந்துவிட்ட பிரையன் ஜோன்ஸும் சார்லி வாட்ஸும் லெனனைப் போலப் பழைய பேட்டிகளிலிருந்து பேசட்டும். 1972 பயணத்தில் ராபர்ட் பிராங்க் எடுத்து, நீங்கள் தடுத்துவைத்த படத்தையும் வெட்டாமல் சேருங்கள். ஆல்டமான்டை ஓரமாக ஒதுக்க வேண்டாம்.

ஆந்தாலஜிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்சிக்காரன்