வாரக் கணக்கில் தொலையும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் வன்கொடுமையால் உண்டான கருவைக் கலைக்க நீதிமன்றம் அனுமதித்தது என்றோ மறுத்தது என்றோ செய்தி வரும்போதெல்லாம் பழைய வாக்குவாதம் மறுபடி கிளம்பிவிடுகிறது. "வயிற்றில் வளரும் உயிர் என்ன பாவம் செய்தது?" என்று ஒரு தரப்பு கேட்கும். "அவள் மட்டும் என்ன பாவம் செய்தாள்?" என்று மறுதரப்பு கேட்கும். இரண்டும் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல. ஆனால் அதே செய்தியில் இருக்கும் ஒரு எண்ணை இரு தரப்பும் கவனிப்பதில்லை. 26 வாரம், 28 வாரம், 30 வாரம் என்று போட்டிருக்கும். அந்தப் பெண் 10-ஆவது வாரத்தில் யாரிடம் போனாள், 18-ஆவது வாரத்தில் அவளைத் திருப்பி அனுப்பியது யார் என்று விசாரித்தால், பாவக் கணக்கில் வேறு சில பெயர்களையும் சேர்க்க வேண்டி வரும்.

அடிப்படைக் கேள்விக்கு நம் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், வன்புணர்வால் கரு உண்டானதாகப் பெண் கூறினால், அந்த வேதனையையே அவளுடைய மனநலத்துக்கு நேர்ந்த கடும் தீங்காகக் கொள்ளச் சொல்கிறது. அவள் கூறினால் போதும், நிரூபிக்கத் தேவையில்லை. 2021 செப்டம்பர் 24-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-க்கு மேல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். இந்த இரண்டாவது கட்டத்தில் யார் யாருக்கு அனுமதி என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், முறையற்ற குடும்ப உறவால் கருவுற்றவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள்.

இதற்குப் பிறகும் மருத்துவமனையில் முதலில் கேட்பது "எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே?" என்றுதான். அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்க வேண்டும் என்றோ குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை என 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, கணவன் மனைவியை வற்புறுத்திக் கொள்ளும் உறவும் வன்புணர்வில் அடங்கும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். குற்றங்களுக்கான பொதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு அதே செயலைக் குற்றம் ஆகாது என்று விட்டுவிடுகிறது. விசித்திரம்தான். அந்த முரண் தீரும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை, அவருக்கு 2022 தீர்ப்பே போதும். கணவரின் கையெழுத்து, தந்தையின் கையெழுத்து என்று கேட்பதற்கும் சட்டத்தில் ஆதாரமில்லை. 18 வயது நிரம்பிய, மனநலக் குறைபாடு இல்லாத பெண் என்றால் சம்மதப் படிவமான படிவம் 'சி'-யில் அவள் கையெழுத்து மட்டும் போதும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வாரங்கள் எப்படிப் போகின்றன? முதல் குழப்பம் கணக்கிலேயே தொடங்குகிறது. கருவின் வயதைச் சம்பவம் நடந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பொதுவாகக் கரு தரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது. ஆக, 24 வாரம் என்பது 168 நாள். சம்பவ நாளிலிருந்து பார்த்தால் கையில் இருப்பது ஏறக்குறைய 154 நாள்தான். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் கழிந்திருக்கும். மாதவிலக்கு இன்னும் சீராகாத 12, 13 வயதுச் சிறுமிக்கு அதுவும் தெரியாது. வயிறு தெரிகிறது என்று அம்மாவோ ஆசிரியையோ கண்டுபிடிப்பதற்குள் ஐந்தாம் மாதம் வந்துவிடும். ஸ்கேன் கணக்கிலும் ஏற்ற இறக்கம் உண்டு. 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் ஒரு வாரத்துக்குள்தான் பிசகும். ஏழு மாதத்துக்குப் பிறகு எடுத்தால் மூன்று வாரம்வரை முன்பின் ஆகலாம். எல்லையை ஒட்டி நிற்கும் பெண்ணுக்கு அந்த மூன்று வாரம்தான் முழு வழக்கே.

19-ஆவது வாரத்தில் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பேசி முடிவெடுக்க ஒரு வாரம் ஆகும். எந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையம் என்ற இழுபறியில் நான்கு நாள் போகும். எந்த நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும், பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தும் இது நடக்கிறது. தாலுகா மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பும், அங்கே ஸ்கேனுக்குத் தேதி கொடுப்பார்கள், இரண்டாவது மருத்துவர் விடுப்பில் இருப்பார். அதற்குள் 23 ஆகிவிடும். அப்போது யாரோ ஒருவர் "எதற்கு வம்பு, கோர்ட் ஆர்டர் வாங்கி வரட்டும்" என்று சொல்வார். 24 வாரத்துக்குள் நீதிமன்ற உத்தரவு தேவையே இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் 24 தாண்டிப்போய், பிறகு உத்தரவு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

24 வாரத்துக்கு மேல் மாநில மருத்துவ வாரியம் தானாக அனுமதிக்கக்கூடியது கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மட்டுமே. பெண்ணின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை என்றால் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. வன்கொடுமை மட்டுமே காரணம் என்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதைத் தவிர வழியில்லை. 2023 ஆகஸ்டில் குஜராத் வழக்கு ஒன்றில் மருத்துவ அறிக்கை கைக்கு வந்த பிறகும் உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 12 நாள் தள்ளி வாய்தா போட்டது. உச்ச நீதிமன்றம் சனிக்கிழமை கூடி அதைக் கண்டித்தது. திங்கட்கிழமை அனுமதி கொடுத்தபோது கரு 27 வாரத்தைத் தாண்டியிருந்தது.

தாமதம் என்பது வெறும் அலைச்சல் இல்லை. வாரம் ஏற ஏறச் செய்கிற காரியமே மாறிவிடுகிறது. சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று போதும். 120 மணி நேரம்வரை கொடுக்கலாம், ஆனால் நேரம் போகப் போகப் பலன் குறையும். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்தினால் அது இன்னும் உறுதியானது. அந்த மாத்திரை கருவைக் கலைப்பதில்லை, சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் கேட்டால் "இல்லை" என்ற பதிலோடு ஒரு பார்வையும் சேர்ந்து கிடைக்கிறது. ஒன்பது வாரம்வரை மாத்திரையிலேயே முடியும். மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம், மருத்துவர் மேற்பார்வையில். பன்னிரண்டு வாரம்வரை உறிஞ்சி எடுக்கும் முறை, பத்துப் பதினைந்து நிமிட வேலை. 20 வாரத்துக்கு மேல் போனால் மருந்து கொடுத்து வலி வரவழைத்து, கிட்டத்தட்ட ஒரு பிரசவத்தையே அவள் பட்டுத் தீர்க்க வேண்டும்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வாரத்தில் நிலைமை இன்னும் சிக்கல். தீவிர சிகிச்சை வசதி இருந்தால் வெளியே பிழைக்கக்கூடிய பருவம் அது. வலி வரவழைத்து எடுத்தால் குழந்தை உயிரோடு பிறக்கலாம். அதைத் தவிர்க்க வேண்டுமானால் ஸ்கேன் பார்த்தபடி சிசுவின் இதயத்தில் பொட்டாசியம் குளோரைடு ஊசி போட வேண்டும். அந்த ஊசியைக் கையில் எடுக்கத் தயங்கும் மருத்துவர்கள் பலர், அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஊசி போடாமல் எடுத்தால், ஏறக்குறைய ஒரு கிலோ எடையில், நுரையீரல் முதிராமல், மூளையும் கண்ணும் பாதிக்கப்படும் ஆபத்தோடு ஒரு குழந்தை இன்குபேட்டருக்குப் போகும். மேலே சொன்ன குஜராத் வழக்கில் நீதிமன்றமே, சிசு உயிரோடு இருந்தால் காப்பாற்ற எல்லா வசதியும் செய்யுங்கள், தத்துக்கு அரசு ஏற்பாடு செய்யட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. கருவின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தாமதத்தால் அவர்கள் காக்க நினைக்கும் உயிருக்கும் நன்மை இல்லை. எட்டாவது வாரத்தில் ஒரு பெண்ணின் முடிவாக இருந்ததை, இருபத்தெட்டாவது வாரத்தில் நீதிபதி, மருத்துவர், பெற்றோர், குழந்தை எல்லோர் தலையிலும் ஏற்றிவிடுகிறோம்.

"பெற்றுத் தத்துக் கொடுத்துவிடலாமே" என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. தத்து, வளர்க்கும் பொறுப்பைத்தான் தீர்க்கும். சுமக்கும் மாதங்களையும் பிரசவத்தையும் தீர்க்காது. உடல் முதிராத சிறுமிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது, பிரசவம் தடைப்படுவது எல்லாம் கூடுதல். 2017-இல் சண்டிகரில் பத்து வயதுச் சிறுமிக்கு 32 வாரம் ஆகிவிட்டதால் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஆகஸ்டில் அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. வயிற்றில் கல் இருக்கிறது, அதை எடுக்கிறோம் என்று அந்தச் சிறுமியிடம் சொல்லியிருந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வன்கொடுமை என்றால் கலைத்தே ஆக வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2009-இல் சண்டிகரில் அரசு காப்பகத்தில் வன்கொடுமைக்கு ஆளான, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள இளம்பெண்ணின் கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவள் குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம் அவள் சொல்லையே ஏற்றது. 2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் 14 வயதுச் சிறுமிக்கு ஏறத்தாழ 30 வாரத்தில் அனுமதி கொடுத்த நீதிமன்றம், பெற்றோர் மனம் மாறியதும் சில நாளில் அதைத் திரும்பப் பெற்றது. கருவுற்றவரின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே வழக்கில் வலியுறுத்தியது. குடும்ப மானத்துக்காகக் கலைக்கச் சொல்வதும், "அவனுக்கே கட்டிவைத்துவிடலாம்" என்று சுமக்கச் சொல்வதும் எங்களுக்கு ஒன்றுதான். இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. உறவினரையும் காவலரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். எத்தனை வாரம், கலைத்தால் என்ன செய்வோம், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் தங்க வேண்டும், தொடர்ந்தால் என்ன உதவி உண்டு, பெற்று ஒப்படைத்தால் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு என்பதை அவளுக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். சிறுமியானால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். ஆனால் சட்டத்தில் பாதுகாவலர் என்பது அவளைப் பராமரிப்பவர் என்றுதான் இருக்கிறது, அது தந்தையாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. தந்தையே குற்றவாளியாக இருக்கும் வழக்குகளில் இது தெரியாமல் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். அங்கே குழந்தைகள் நலக் குழுவை அன்றைக்கே அழைக்க வேண்டும். சொந்த நம்பிக்கை காரணமாக இதைச் செய்ய விரும்பாத மருத்துவர் ஒதுங்கிக்கொள்ளட்டும், ஆனால் அதே நாளில் இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கட்டும். "அடுத்த வாரம் வா" என்பது மனசாட்சியில் சேராது.

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி சிறுமியின் கருவைப் பற்றிக் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்ற பயத்தில் பல தனியார் மருத்துவமனைகள் வாசலிலேயே கைகழுவிவிடுகின்றன. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிடத் தேவையில்லை என்று 2022 தீர்ப்பு வழி விட்டிருக்கிறது. அதேசமயம், பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்பது தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். அடையாளத்தை வெளியிட்டாலும் ஓராண்டு வரை சிறை உண்டு.

வழக்கு நடப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கலைத்தபின் கிடைக்கும் திசு, மரபணுச் சோதனைக்கு முக்கியமான சாட்சியம். பழக்கதோஷத்தில் அதை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் டிஎன்ஏ சிதைந்துபோகும். சலைன் எனும் உப்புநீரில் அலசி, ஊறவிடாமல், வாயகன்ற மூடி போட்ட கலனில் வைத்து, 4 டிகிரி குளிரில், தாயின் ரத்த மாதிரியோடு காவல்துறையிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். இதற்கான கலன் தயாராக இல்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. காவல்துறை வந்து சேரும்வரை ஒரு குளிர்சாதனப் பெட்டி போதும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட செய்திகளில் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதோடு, அந்தப் பெண் முதன்முதலில் உதவி கேட்டது எத்தனையாவது வாரத்தில் என்பதையும் அவளுடைய அடையாளம் தெரியாதபடி சேர்த்து வெளியிடுங்கள். கீழே பெட்டிச் செய்தியாக மகளிர் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100 என்று போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர்
(பெயர்களை வெளியிட வேண்டாம்)