சொட்டு எங்கே தொடங்குகிறது என்று பார்

அன்புள்ள செல்விக்கு,

நீ வாங்கப் பார்க்கும் பழைய காரின் படங்களை நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூட்டம் குறைந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயின்ட், சீட், டயர் எல்லாம் தேவலை. இன்ஜின் படம்தான் உறுத்துகிறது. இத்தனை வருஷம் ஓடிய இன்ஜின் அப்படிப் பளபளக்காது தாயி. விற்பதற்கென்றே வாட்டர் வாஷ் கொடுத்திருக்கிறார்கள். எதையோ மறைக்கத்தான் கழுவினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கழுவியதும் எண்ணெய்த் தடம் போய்விடும். நன்றாக ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

நீ வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பு. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்ஸரில் நீலப் புகை வந்து நின்றால், எண்ணெய் உள்ளே இறங்கி எரியாமல் தடுக்கிற வால்வு சீல் போயிருக்கலாம். அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தால், ஒன்று ஒழுகுகிறது, இல்லையென்றால் எரிகிறது. எதுவானாலும் விற்பவர் கவனிக்கவில்லை. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் உடனே பயப்படாதே. பக்கத்திலேயே ஓட்டும் வண்டியில், ஓசூர்க் குளிருக்கு, ஈரம் சேர்ந்து கொஞ்சம் அப்படி வரும். ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவிலும் எண்ணெய் மிதந்தால், இரண்டும் கலக்காமல் தடுக்கிற ஹெட் பேக்கிங் சந்தேகம். அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

பிறகு ஹைவேயில் இருபது நிமிஷமாவது ஓட்டு. திரும்பி வந்து சமதளத்தில் நிறுத்தி, பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரி. ஏசியை முன்பே அணைத்துவிடு, அதன் தண்ணீர் உன்னைக் குழப்பும். அட்டையில் பழுப்போ கறுப்போ என்றால் இன்ஜின் ஆயில். பச்சையோ ரோஸோ என்றால் பெரும்பாலும் கூலன்ட். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். சொட்டு விழுகிற இடம் ஒழுகுகிற இடமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் மேலிருந்து வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் டார்ச் அடித்து, ஈரம் தெரிகிற மிக உயரமான இடத்தைத் தேடு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டினால், இன்ஜினின் சுழலும் தண்டு வெளியே வருமிடத்தில் எண்ணெயை அடைக்கிற பின்பக்க கிராங்க் ஆயில் சீல் என்று மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள். புதூரிலிருந்தும் வில்லாபுரத்திலிருந்தும் நம் கடைக்கு அந்த சீல் கேட்டு வந்த ஒர்க்‌ஷாப் பையன்கள் எத்தனையோ பேர். சிலர் மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்ஜின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பேக்கிங் வாங்கிப் போவார்கள். மேலே கவரில் கசிந்தது பின்னால் இறங்கி அங்கே சொட்டியிருக்கும். ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து கசிவதும் இப்படி ஏமாற்றும்.

அந்த சீல், கவர் பேக்கிங் இரண்டுமே விலை அதிகமில்லை. ஆனால் கவர் பேக்கிங்கை அரை நாளில் மாற்றிவிடலாம், பின் சீலுக்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலிதான் அடி. எண்ணெய் கிளட்ச்சில் பட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டிவரும். முன்பக்க கிராங்க் சீல் ஒழுகி, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் நனைந்திருந்தாலும் யோசி. எண்ணெய் பட்ட பெல்ட் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பேக்கிங் ஓரத்தில் சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கி நின்றால் யார், எப்போது பிரித்தார்கள் என்று கேள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து விழுந்தால் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இருக்கும் வலையை அடைக்கும்.

கடைசியாக, வண்டி ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார். லேசாக ஆவி வரலாம். புகை குபுகுபுவென்று தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைப்பென்றால் சின்ன வேலை, பிஸ்டன் ரிங் தேய்மானமென்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். அந்த அழுத்தம் இருக்கும்வரை எத்தனை சீல் மாற்றினாலும் திரும்ப ஒழுகும்.

லேசான கசிவுக்காக நல்ல வண்டியை விட்டுவிடாதே. செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைக்கச் சொல். ஈரம் தெரிந்த இடத்தையும் அட்டையையும் படம் எடுத்து அனுப்பு. எந்த பேக்கிங், என்ன விலை என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதற்கும் சரி என்று சொல்லாதே.

அன்புடன்,
அம்மா
மதுரை